டீ வடிகட்டி போட்ட அம்பாசடர்

என் தம்பி சவுரிமுத்து எந்தக் காரை ரிப்பேருக்கு எடுத்தாலும் முதலில் அதன் ரேடியேட்டர் தண்ணீரை ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பான். வண்டிக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான். பக்கத்தில் துப்பிவிட்டு, "போர் தண்ணி ஊத்திகினு கீறீங்க" என்பான், அல்லது "துரு இறங்குது" என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் இல்லை இது. யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. லாசரஸ் அண்ணனுடைய அம்பாசடரால் வந்தது. என் தம்பியின் கடை நிலைத்ததும் அந்த வண்டியால்தான். அதனால் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீட்டில் அம்மா, நான், சவுரி மூன்று பேர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. நான் எட்டாவதோடு நின்றேன். பக்கத்துச் சானடோரியம் பகுதியில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வந்த புதிதில் ஒன்றில் சேர்ந்தேன். சட்டைகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எந்தத் தையல் விட்டிருக்கிறது, எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் செக்கிங் வேலை. அருள்மேரி கையில் போன சட்டை திரும்பி வராது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். சவுரி பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டான். கேம்ப் ரோட்டில் சம்பத் என்பவரின் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மீசை முளைத்து, பெரிய மெக்கானிக்கும் ஆனான்.

1987-ல் அவனுக்குத் தனியாகக் கடை போட ஆசை வந்தது. வேளச்சேரி ரோட்டில் சேலையூரைத் தாண்டி ஒரு வாதாமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டான். தகரப் பலகையில் 'சவுரி ஆட்டோ ஒர்க்ஸ்' என்று நானே பெயின்ட் அடித்தேன். எழுத்து கோணக்கூடாது என்று முதலில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். சம்பத் வழியனுப்பும்போது, "போ போ, மழைக்கு முன்னாடி திரும்பி வந்துடுவே. உன் ஸ்பேனர யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்" என்றாராம். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் சவுரிக்குச் சுருக்கென்று தைத்தது.

லாசரஸ் அண்ணன் ஸ்டேஷன் பக்கத்து டாக்சி ஸ்டாண்டில் எல்லோருக்கும் மூத்தவர். க்ரீம் கலர் அம்பாசடர், பழைய மாடல். கல்யாணம், கருமாதி, வேளாங்கண்ணி, எதற்குக் கூப்பிட்டாலும் போவார். வாய் அதிகம். அவர் ஒன்று சொன்னால் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பச் சொல்லும். மாதா கோயிலுக்குள் மட்டும் வர மாட்டார். மனைவி தபீதாள் அக்காவை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "அது பொம்பளைங்க டிபார்ட்மென்ட்" என்பார்.

சவுரி கடை போடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் செங்கல்பட்டைத் தாண்டி ஒரு லாரி அந்த வண்டியைப் பக்கவாட்டில் இடித்தது. லாசரஸ் அண்ணன் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் சரியானாலும் லேசான விந்தல் நின்றுவிட்டது. வண்டியைத் தட்டி நேராக்கி, அதே வண்டியையே மறுபடி ஓட்டினார்.

சவுரி கடை போட்ட கோடையில் அந்த வண்டி கொதிக்கத் தொடங்கியது. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நின்றால் கொதிக்கும். பல்லாவரம் வரைக்கும் போனால் கொதிக்கும். புதுக்கடையை ஆதரிக்க வேண்டும் என்று லாசரஸ் அண்ணன் அதைச் சவுரியிடம் கொண்டுவந்தார். அவன் ரேடியேட்டரைக் கழற்றினான். உள்ளே துருவும் கறுப்பாகக் குழைந்த உருண்டைகளும் அடைத்திருந்தன. ஹோஸ் ரப்பர் வெந்து, உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தான். பழைய வண்டியில் அப்படி ஆவதுண்டு. கம்பி விட்டுக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்தான். மேலும் கீழும் புது ஹோஸ் போட்டான். "இனிமே கொதிக்காதுண்ணா. நான் கேரண்டி" என்று சொல்லிக் கொடுத்தான். அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இருபத்து மூன்று வயதில் கடை போட்டவன் வேறு என்ன சொல்லுவான்?

ஆனி முகூர்த்தத்தில் அந்த வண்டி பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனது. அச்சிறுபாக்கத்துக்கு முன்னால் பானெட் இடுக்கில் ஆவி கிளம்பிவிட்டது. பட்டுப்புடவையோடு எல்லோரும் வெயிலில் இறங்கி நின்றார்கள். தண்ணீர் கொண்டுவரப் பாத்திரம் இல்லை. கடைசியில் டிக்கியில் இருந்த சீர்வரிசைக் குடத்தை எடுத்து, பக்கத்து வயல் கிணற்றில் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் லாசரஸ் அண்ணன் திரும்பி வந்து ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொன்னது தாம்பரம் பூராவும் பரவியது.

"கல்யாணப் பொண்ணு சீர் குடத்துல மொத தண்ணி குடிச்சது யார் தெரியுமா? என் வண்டி."

அன்றிலிருந்து என் தம்பியின் கடைக்கு 'வெந்நீர் கடை' என்று பேர் வந்தது. "சவுரி கடையில வெந்நீர் ரெடியா கீது, டீத்தூள் மட்டும் நாம எடுத்துக்கினு போவணும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, மெல்ல மெல்ல வண்டிகள் நின்றுபோயின. பஞ்சர் ஒட்ட வந்த சைக்கிள்கூடத் தாண்டிப் போனது. சவுரி காலையில் போய்க் கொட்டகையைப் பெருக்கிவிட்டு, ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்துக்கொண்டே, "சம்பத் அண்ணன் கிட்டயே போயிடலாம்னு பாக்குறேன்கா" என்றான். அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

லாசரஸ் அண்ணன் கெட்டவர் இல்லை. வண்டியை மறுபடி கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எங்கள் கோயில் பங்கிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தார். "கொடியேத்தத்துக்கு முன்னாடி வண்டி கைக்கு வரணும். இந்தத் தபா கொதிச்சிதுன்னா சம்பத் கிட்ட வுட்டுடுவேன். அப்புறம் உன் போர்ட நீயே கழட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு விந்தி விந்திப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் கொட்டகைக்குப் போனேன். அவன் வேலை செய்வதை அன்றுதான் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடவில்லை. கம்பெனியில் நாங்கள் காலரில் தொடங்கிக் கைப்பட்டி வரை சட்டையைப் பார்ப்பது போலவே இருந்தது. 

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான், தொய்வு இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு போயிருந்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வருமாம். வரவில்லை. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, தண்ணீர் கலந்து பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தான். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. தெர்மோஸ்டாட் என்கிற சின்னப் பித்தளை வால்வை அதற்கு முன்னாலேயே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் போட்டுக் கொதிக்க வைத்திருந்தான். சூடேற ஏறத் தானாகத் திறந்தது, ஆற ஆற மூடிக்கொண்டது. "நல்லா வேலை செய்யுது" என்று அவனுக்குச் சந்தோஷம். பாத்திரத்தை மூன்று தடவை புளி போட்டு விளக்கிய பிறகும் அம்மா அதில் பால் காய்ச்சவில்லை.

எல்லாம் சரியாக இருக்க, வண்டி மட்டும் கொதித்தது. நன்றாகச் சூடேறிய பிறகு எஞ்சினை நிறுத்தினான். காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பது போல ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினான். நெடுகச் சூடாக இருக்க வேண்டும். இடையிடையே திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தது. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினான். எனக்கே தெரிந்தது.

"இங்கல்லாம் தண்ணி இறங்கலக்கா. அடைச்சிகினு கீது" என்றான். "ஒரு தபா குத்திச் சுத்தம் பண்ணா வருஷக்கணக்கா வரணும். கோடைல பண்ணது மழைக்குள்ள அடைச்சிகிச்சின்னா, உள்ள இருக்கறது அடைக்கல. வெளிலருந்து வருது."

தண்ணீரைக் கீழே திறந்துவிட்டான். செங்கல் நிறத்தில் வந்தது. அவன் நிரப்பியது நல்ல தண்ணீர், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். போகிற வழியில் எங்காவது உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, ஆறியதும் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் மாறியது. இன்னொரு சொட்டு வைத்தான்.

"கரிக்குது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "காரமா கீதுக்கா" என்றான்.

வெயிலில் நின்று நின்று தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பயமாகிவிட்டது. 

அன்றே ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பற்றவைத்த ஈயத்தை உருக்கிப் பிரித்தான். குழாய்களின் வாயில் அதே கறுப்பு உருண்டைகள். இந்தத் தடவை ஹோஸ் ரப்பர் என்று சொல்ல முடியாது, ஹோஸ் புதியது. சில உருண்டைகள் குழைந்திருந்தன, சில முழுதாக இருந்தன. முழுதாக இருந்த ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். தோல் உரிந்து உள்ளே வெள்ளையாக வந்தது. மோந்து பார்த்தேன். பொங்கலில் போடுகிறவளுக்குத் தெரியாதா?

"மிளகுடா" என்றேன்.

சவுரிக்குச் சட்டென்று சம்பத் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. ரேடியேட்டரில் பொடி ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூள் போட்டு அடைக்கிற வைத்தியம் ஒன்று மெக்கானிக்குகளிடம் உண்டு. சம்பத் அதில் கைதேர்ந்தவர். வழியில் எங்கோ சம்பத் கடைக்கு வண்டி போயிருக்கிறது, தன் பெயரைக் கெடுக்கவே மிளகைப் போட்டு அனுப்பியிருக்கிறார் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். நான் தடுக்கத் தடுக்க, ஒரு காகிதத்தில் மிளகைப் பொதிந்துகொண்டு கேம்ப் ரோட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சம்பத் காகிதத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். கடையில் இருந்த ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"மஞ்சத்தூள் போட்டிருக்கேன். ஒரு தபா மாவு கூட போட்டிருக்கேன், இல்லன்னு சொல்லல" என்றார். "முழு மிளகு இன்னாத்துக்குடா போடுவாங்க? ஓட்டைய அடைக்குமா, குழாய அடைக்குமா? இத்தினி வருஷம் என் கிட்ட இருந்துட்டு இது கூடவா தெரியல?"

சவுரி காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டான். அவர் சொன்னது சரி என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. 

"உப்பும் கீது, மிளகும் கீது, வெந்நீரும் உன் கிட்ட எப்பவும் ரெடி. புளி மட்டும் கரைச்சி ஊத்து, ரசம் வெச்சிடலாம்" என்றார் சம்பத். கடையே சிரித்தது. திரும்பி வரும்போது சவுரி சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தான்.

அந்த வாரம் முழுவதும் கம்பெனியில் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே அதையே யோசித்தேன். உப்பு ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம் என்று நினைத்ததால்தான் பிடிபடவில்லை. உப்பும் மிளகும் சேர்ந்து ஒன்றாக எங்கே பார்த்திருக்கிறேன்? சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனபோது பதில் என் கண் முன்னால் இருந்தது. எங்கள் கோயில் வளாகத்தில் மாதா கெபி ஒன்று உண்டு, குகை போலக் கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்த இடம். வேண்டுதல் வைத்தவர்கள் அங்கே கல் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுவார்கள். அதற்காக ஒரு மரத்தொட்டியே வைத்திருக்கிறது. மற்றவர்கள் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள், நோயாளிக்கு என்று வீட்டுக்கும் கொண்டுபோவார்கள்.

தொட்டியருகே தபீதாள் அக்கா நின்றிருந்தார். முழங்காலில் இருந்து எழுந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கை நிறைய அள்ளி முந்தானை முனையில் முடிந்துகொண்டார். ஒரு சிட்டிகை எடுக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி.

நான் கூடவே நடந்தேன். வண்டி எப்போது வரும் என்று அவரே கேட்டார். சவுரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன். பிறகு, முந்தானை முடிச்சைப் பார்த்து, அது சமையலுக்கா என்று கேட்டேன். அவர் நின்றார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"அவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வேண்டிகினேன்மா" என்றார். "எழுந்து வந்துட்டாரு. வந்த மனுஷன் மறுபடியும் அதே வண்டிய எடுத்துகினு அதே ரோட்டுல போறாரு. கூட நான் போக முடியுமா? சீட்டுல தெளிச்சேன், கூட்டித் தள்ளிட்டு சத்தம் போட்டாரு. சுரூபம் மாட்டினேன், கழட்டிட்டாரு. வண்டி தண்ணி குடிக்கிற இடத்துல போட்டா உள்ளயே இருக்கும், அவருக்கும் தெரியாது. மாசாமாசம் மொதல் சனிக்கிழம போட்டுடுவேன்." 

கொஞ்ச தூரம் போன பிறகு, "அதனாலயா கொதிக்குது?" என்று கேட்டார்.

நான் முந்தானை முடிச்சையே பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் கிட்ட சொல்லாத அருளு. ஸ்டாண்டுல சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. என்னைச் சிரிச்சா போவுது. மாதாவச் சிரிப்பாரு."

ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குப் போனேன். சவுரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் தம்பி வேலையில் குறை இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. நாளைக்கே ஸ்டாண்டுக்குப் போய் லாசரஸ் அண்ணனிடம் சொல்லு, சம்பத்திடமும் சொல்லு, இத்தனை நாளாக உன்னைச் சிரித்தவர்கள் இப்போது அந்த அண்ணனைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றேன். அவன் கையில் இருந்த சிறிய பித்தளைத் துண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சொன்னா அந்தக்கா அப்புறம் எங்க கொண்டு போய் போடும்?" என்றான்.

"எங்கயாவது போடட்டும். உன் கடை போவுதுடா."

"கடைக்கு வண்டி ஓடினா போதும்கா. கதை ஓட வேணாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை டீ போட்டபோது வடிகட்டியைக் காணோம். அவன் எடுத்துப் போயிருந்தான். கைப்பிடியை வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, ரேடியேட்டர் வாயில் சரியாக உட்காரும்படி செய்திருந்தான். மூடியைத் திறந்து எதைக் கொட்டினாலும் அந்த வலையில் நின்றுவிடும். டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்னத் தகர டப்பாவும் பொருத்தினான். தபீதாள் அக்காவை அழைத்து, உப்பை இனிமேல் அதில் போடும்படியும், வண்டி போகிற இடமெல்லாம் அதுவும் போகும் என்றும் சொன்னான். அக்கா தலையாட்டினார். உப்பு கரைந்தால் வலையில் நிற்காதே என்று நான் கேட்டேன். அதற்கும் அவன் வழி வைத்திருந்தான்.

லாசரஸ் அண்ணன் வண்டி எடுக்க வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார்.

"கண்டது உள்ள வுழுதுண்ணா. வலை போட்டுக் கீறேன். மாசம் ஒரு தபா கொண்டாங்க, தண்ணி மாத்தி வுடறேன். அதுக்கு எதுவும் வாணாம்."

அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "டீ வடிகட்டியாடா இது?"

"ஆமாண்ணா."

"பாலு, சக்கர எப்ப ஊத்தணும்?" என்று கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

வண்டி வேளாங்கண்ணி போய் வரும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வழியில் ஒரு முறை கொதித்தால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். நான் ஒவ்வொரு நாளும் வேலை விட்டதும் நேராக வாதாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பக்கத்திலேயே தபீதாள் அக்காவும் ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வண்டிக்காக ஏற்றினார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டி ஒரு மத்தியானம் வந்தது. கண்ணாடி முழுக்கப் புழுதி, முன்னால் காய்ந்த மாலை. பயணிகளை இறக்கிவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் லாசரஸ் அண்ணன் நேராகக் கொட்டகைக்கு வந்திருந்தார். இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். 

"கைய வை" என்றார்.

சவுரி ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்து நகர்த்தினான். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை போனான். அவன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"விழுப்புரத்துல கேட்டு மூடிட்டான்" என்றார் லாசரஸ் அண்ணன். "உச்சி வெயிலு. பக்கத்து வண்டி கொதிச்சிடுச்சி. நான் போய் என் கேன்லருந்து தண்ணி குடுத்துட்டு வந்தேன்." சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி எங்கள் பலகை ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. லாசரஸ் அண்ணன் ஸ்டாண்டில் மூடியைத் திறந்து திறந்து வடிகட்டியைக் காட்டியிருக்கிறார். அது ஏதோ புது வித்தை என்று நினைத்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் வடிகட்டி வேண்டும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. சவுரி தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. சரி என்று போட்டுக் கொடுத்துவிட்டு, அப்படியே பெல்ட்டையும் ஹோஸையும் பார்த்து அனுப்பினான். பார்க்கிறபோது ஒரு சொட்டுத் தண்ணீரை நாக்கில் வைப்பான். வந்தவர்கள் திரும்ப வந்தார்கள். சம்பத்தே ஒரு நாள் ஒரு வண்டியை அனுப்பி, "ரசக்காரன் கிட்ட ஒரு வலை போட்டு வாங்கிகினு வா" என்று சொல்லிவிட்டாராம். வெந்நீர் கடை என்ற பேர் போய் வலைக்கடை என்ற பேர் வந்தது. தாம்பரத்தில் பாத்திரக்கடைக்காரர் டஜன் கணக்கில் எங்களுக்கு வடிகட்டி கொடுத்தார்.

முதல் மாதம் தண்ணீர் மாற்ற லாசரஸ் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தபோது சவுரி வடிகட்டியை எடுத்து என்னிடம் காட்டினான். அதில் நாலைந்து மிளகு கிடந்தது. டிக்கியைத் திறந்து டப்பாவைப் பார்த்தான். அதிலும் உப்பும் மிளகும் இருந்தன.

"அந்தக்கா ரெண்டு இடத்துலயும் போடுது" என்றான்.

நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். 

"வுடுக்கா. அதான் வலை கீது இல்ல." 

வடிகட்டியைத் தட்டிக் கழுவி மறுபடி வைத்தான். அப்படியே மாதாமாதம் நடந்தது. எத்தனை வருஷம் என்று நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அதற்குள் சவுரிக்குக் கல்யாணம் ஆனது. கீற்று போய்த் தகரக் கூரை வந்தது. எனக்குப் பெருங்களத்தூரில் குடும்பம் அமைந்தது. அம்பாசடர்கள் குறைந்து சின்னச் சின்னக் கார்கள் வந்தன. மறைமலை நகரில் கார் தொழிற்சாலை வருகிறது என்று பேச்சு வந்தது. சவுரி அந்தப் புதுக் கார்களையும் கற்றுக்கொண்டான். அவற்றின் ரேடியேட்டரில் பச்சையாக ஏதோ ஊற்றுகிறார்கள், அதை நாக்கில் வைக்கக் கூடாது என்று தெரிந்ததும் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டான். லாசரஸ் அண்ணனின் க்ரீம் கலர் அம்பாசடர் மட்டும் மாறவில்லை.

1998-ல் தபீதாள் அக்கா மஞ்சள் காமாலையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு லாசரஸ் அண்ணன் கோயிலுக்குள் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வண்டியை எடுக்கவே இல்லை.

மறுபடி அவர் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தம்பியை அழைக்க வந்திருந்தேன். லாசரஸ் அண்ணன் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளைத்திருந்தார். ஸ்டாண்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ சொன்னார்.

சவுரி மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு வடிகட்டியை எடுத்தான். அதில் மிளகு இருந்தது. ஊறிக் குழைந்த பழைய மிளகு இல்லை. கெட்டியாக, கறுப்பாக, அன்று போட்டது போல. வலையின் ஓரத்தில் இன்னும் கரையாத கல் உப்பு ஒன்று மினுங்கியது.

சவுரி என்னைப் பார்த்தான். நான் லாசரஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை. 

"கண்டது உள்ள வுழுதா, சவுரி?" என்றார் அவர், திரும்பாமல்.

"கொஞ்சம் வுழுதுண்ணா."

"அதான் வலை கீது இல்ல."

"கீதுண்ணா."

சவுரி வடிகட்டியைக் கழுவினான். கீழே குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் இறக்கினான். எந்தக் காரின் தண்ணீரையும் தொட்டுப் பார்க்காமல் விடாதவன், அன்று அதை நாக்கில் வைக்கவில்லை. மரத்தின் வேரில் படாமல் தள்ளிக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீர் மொள்ளப் போனான்.